ஆறட்டும் என்றார் அரசர்

மணலிக்கோட்டை அரண்மனை மடைப்பள்ளியில் அன்று காலை கடுகு தாளித்தார்கள். அது படபடவென்று வெடித்ததுதான் தாமதம், சமையல்காரர்கள் அத்தனை பேரும் கையில் கரண்டியோடு தோட்டத்துக்கு ஓடிவிட்டார்கள். தலைமைச் சமையல்காரர் திருமேனி நெல்லி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நல்ல கனத்த சரீரம். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் முந்தாநாள் அதே இடத்தில் எண்ணெய்க் கொப்பரை தீப்பிடித்து, கூரை முழுக்க எரிந்து விழுந்திருந்தது. உயிர்கள் தப்பின. திருமேனி ஆசையாக வளர்த்த மீசை தப்பவில்லை.

இந்த நேரம் பார்த்து அண்டை நாட்டு அரசர் மறுநாள் விருந்துக்கு வருவதாக இருந்தது. அரண்மனை நிர்வாகம் தளபதி மல்லேசர் கையில். அவர் சமையல்காரர்களைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"அரசே, பயம் என்று இவர்கள் சொல்வது சுத்தச் சோம்பேறித்தனம். என் வீரன் ஒருவன் வெட்டுப்பட்டால் மறுநாளே வாளை எடுப்பான். இன்று மாலைக்குள் இவர்கள் அடுப்பு மூட்டவேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்."

அரசர் வீரகஞ்சுகன் சாப்பாட்டுப் பிரியர். விருந்து கெட்டுப்போகுமே என்ற கவலையில் தலையாட்டிவிட்டார். திருமேனிக்குக் கண் கலங்கியது.

"அடுப்பைப் பார்த்தாலே கை உதறுது சாமி. நான் என்ன பண்ணட்டும்?"

அப்போது சபைக்குள் நுழைந்தார் அம்பலக்கூத்தர். அரசருக்கு யோசனை சொல்லவும், அலுத்தால் சிரிக்கவைக்கவும் இருப்பவர். கையில் துணி சுற்றிய செம்பு.

"அரசே, மடைப்பள்ளி மூடிக் கிடக்கிறதே, தாங்கள் பட்டினி கிடப்பீர்களே என்று என் வீட்டுக்காரியைப் பாயசம் வைக்கச் சொன்னேன். இப்போதுதான் இறக்கினாள்."

பாயசம் என்றதும் அரசருக்கு நாடு கடத்தல் மறந்துபோயிற்று. கிண்ணத்தில் ஊற்றினார் கூத்தர். ஆவி பறந்தது. நெய்யும் முந்திரியும் மணத்தன.

"தாமதிக்காமல் குடியுங்கள் அரசே."

"கொதிக்கிறதேய்யா."

"கொதித்தால் என்ன? தளபதியார் வீரர்களைப் பற்றிச் சொன்னதைத்தான் வாசலிலேயே கேட்டேனே. உடனே குடிப்பதுதான் வீரம்."

அரசர் ஆசையை அடக்க முடியாமல் ஒரு மிடறு உறிஞ்சினார். நாக்கு சுட்டுவிட்டது. கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கத்தினார்.

"ஆறட்டும்யா!"

கூத்தர் சட்டென்று சமையல்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டீர்களா? அரசர் ஆணையிட்டுவிட்டார். நீங்கள் ஆறலாம். வீட்டுக்குப் போங்கள்."

மல்லேசர் குதித்தார். "ஓய், அரசர் பாயசத்தைச் சொன்னார்."

"பாயசம் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லையே. 'ஆறட்டும்' என்றார். கொதித்தது எதுவானாலும் ஆறத்தானே வேண்டும்? ஒரு கிண்ணப் பாயசத்துக்கே இவ்வளவு நேரம் ஆகிறது. இவர்கள் நெருப்புக்குள்ளிருந்து வந்த மனிதர்கள்."

அரசர் சுட்ட நாக்கைத் தடவியபடி திருமேனியைப் பார்த்தார். மீசையில்லாத அந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் போலும். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"சரி, ஆறட்டும். ஆனால் ஆறிவிட்டதென்று எப்படித் தெரியும்?"

"பாயசத்தைத் தொட்டுப் பார்க்கலாம். இவர்களைக் கேட்டுப் பார்க்கவேண்டும்."

"நாளைய விருந்துக்கு?"

"பானகம், நீர்மோர், தயிரில் ஊறிய அவல், தேனில் பலாச்சுளை. சித்திரை வெயிலில் வருகிறவர் தங்களைக் கும்பிடுவார். அதற்கு அடுப்பே வேண்டாம். நானும் என் வீட்டுக்காரியும் பார்த்துக்கொள்கிறோம்."

"மறுபடி தீப்பிடித்தால்?"

"அதற்கு ஆறு வேண்டும் அரசே."

"இப்போதுதானே ஆறட்டும் என்றேன்?"

"அது மனசு ஆற. நான் கேட்பது கோட்டைக்குப் பின்னால் ஓடுகிற ஆறு. அதிலிருந்து மடைப்பள்ளி வாசலுக்கு ஒரு வாய்க்கால். முன்பு அங்கே தண்ணீர்த் தொட்டியாவது இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று தளபதியார் எடுத்துவிட்டார்."

சபை மல்லேசரைப் பார்த்தது. மல்லேசர் கூரையைப் பார்த்தார்.

"வாய்க்கால் வெட்டும் வேலையை அவரிடமே கொடுங்கள் அரசே. நாலு நாள் மண்வெட்டி பிடித்தால் அவர் கோபமும் ஆறும்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். நெல்லி மரத்து வீரர் திருமேனியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கூத்தரே, என்ன பரிசு வேண்டுமோ கேளும்."

கூத்தர் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பாயசத்தைக் கொடுங்கள் போதும். பேசிக்கொண்டே இருந்ததில் ஆறிப்போய்விட்டது. இனி இது அரசர் குடிக்கிற பதத்தில் இல்லை."