மெய்யன் வாயில் முளைத்த பஞ்சு

முன்னொரு காலத்திலே, மலைகள் இன்னும் நடை பழகிக்கொண்டிருந்த காலத்திலே, வேங்கைப்புரம் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசன் விக்கிரமகேசரியின் சபையில் ஒரு பெரிய பளிங்குத் தொட்டி. தொட்டிக்குள் ஒரு பொன்னிறக் கெண்டை. அதன் பெயர் மெய்யன்.

மெய்யன் பேசும் மீன். பௌர்ணமி அன்று சபை கூடும்போது மட்டும்தான் பேசும். பேசினால் கண்ணால் கண்டதைத்தான் பேசும். அது சொன்னால் வழக்கு முடிந்தது.

ஒருநாள் மத்தியானம். சபையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். விளக்குக்கு எண்ணெய் விட வந்த பெரியகருப்பனும், மந்திரவாதி கபாலகேதுவும் மட்டும் இருந்தார்கள்.

"சாமி, மழை வரவழைக்கிறேன்னு ஊர்ப்பட்ட ஆட்டை வாங்கித் தின்னீங்களே, ஒரு சொட்டு விழலையே?" என்றான் பெரியகருப்பன்.

கபாலகேதுவின் கண் சிவந்தது. கோலை மூன்று தரம் சுழற்றினான். பெரியகருப்பன் கடைசி வரிசைத் தூண்களோடு ஒரு கல்தூணாகிப் போனான்!

தொட்டிக்குள் மெய்யனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. 'வரட்டும் பௌர்ணமி! சபை நடுவே சொல்கிறேன்' என்று வாலால் தண்ணீரை அடித்தது. மந்திரவாதி அதைப் பார்த்துவிட்டான். கண்ணால் கண்டவர் வாயால் சொன்னால் அந்த மாயம் உடையும். பௌர்ணமி தாண்டிவிட்டால் கல் கல்தான். இது அவனுக்கும் தெரியும், மீனுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே மந்திரவாதி மூன்று வெள்ளி மீன்களைக் கொண்டுவந்தான். "அரசே, மெய்யனுக்குத் துணை" என்று தொட்டியில் விட்டான். அவற்றின் உதட்டில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. புது மீனைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டாமா? யாரும் பார்க்கவில்லை. அரசன் கை தட்டினான்.

சில நாளில் மெய்யனின் வாயிலும் பஞ்சு முளைத்தது. உதடு வீங்கியது, புண்ணாயிற்று. இரை எடுக்க முடியவில்லை. வாயைத் திறக்கவே முடியவில்லை.

அரண்மனை வைத்தியர் வந்தார். "பித்தம்" என்றார். ஒரு குடம் பாலைத் தொட்டியில் ஊற்றினார். பால் திரிந்து தண்ணீர் நாறியது. வைத்தியர் அரசனைக் கேட்டார், மந்திரியைக் கேட்டார். மீனைக் கேட்கவில்லை.

பேயோட்டி வந்தான். "காற்றுச் சேட்டை" என்றான். குங்குமத்தையும் சாம்பலையும் கொட்டினான். மெய்யனுக்குக் கண் எரிந்தது, செவுள் அடைத்தது. பேயோட்டி பேயைக் கேட்டான். மீனைக் கேட்கவில்லை.

கடைசியில் கபாலகேது வந்தான். "அரசே, இது நோயா? பாவம்! மீன் பொய் சொல்லியிருக்கிறது, வாய் அழுகுகிறது. பரிகாரமாக ஊரார் எல்லோரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி பொரி போடட்டும்" என்றான்.

ஊரே வரிசையில் நின்று பொரி போட்டது. திங்க வாயில்லாத மீனுக்குப் பொரி! அது ஊறி அழுகித் தொட்டி சாக்கடையாயிற்று. போதாததற்கு, பொரி போட்டவர்கள் எல்லாம் "பொய்யா, பொய்யா" என்று திட்டிவிட்டுப் போனார்கள். எத்தனை பேர் வழக்கை அது தீர்த்து வைத்திருக்கும்! ஒருவராவது நினைத்துப் பார்த்தாரா? மெய்யன் ஒவ்வொரு முகத்தையும் மனசில் குறித்துக்கொண்டது.

நாற்றம் தாங்காமல் அரசன் மூக்கைப் பிடித்தான். "இந்த அழுகல் வாயனைக் கொண்டுபோய் வெளியே கொட்டுங்கள்."

கொட்டினார்கள். அரண்மனை வாசலில், வெயிலில், மண்ணில்.

அந்த வாசலில்தான் பெரியகருப்பன் மனைவி சிவப்பி தினமும் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "உள்ளே போன எம்புருசன் எங்கே?" என்று கேட்டால், "உன் வாய்க்குப் பயந்து ஓடியிருப்பான்" என்று காவலர்கள் சிரிப்பார்கள்.

துள்ளும் மீனைக் கண்டதும் அள்ளித் தன் குடத்துத் தண்ணீரில் போட்டாள். போட்ட கையோடு சண்டைக்கு நின்றாள்.

"ஏ மீனே! ராப்பகலா சபையிலதானே கிடக்கே? எம்புருசன் என்ன ஆனான்னு சொல்லேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

மெய்யனுக்கு வந்த கோபத்தில் குடம் அதிர வாலை அடித்தது. தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது.

சிவப்பி குனிந்து பார்த்தாள். பஞ்சு தெரிந்தது, புண் தெரிந்தது. "அட பாவமே" என்றவள், சட்டென்று இடுப்பில் கை வைத்தாள். "நோய் வாயிலதானே? வாலுக்கு ஒண்ணுமில்லையே? ஆமான்னா ஒரு அடி, இல்லேன்னா ரெண்டு அடி. சரியா?"

ஒரு அடி.

அப்பாடா! ஒருத்தியாவது கேட்டாளே!

"பால் ஊத்தவா?" ரெண்டு அடி. "பொரி?" ரெண்டு அடி, அதுவும் பலமாக. "சரி சரி, கோவிச்சுக்காதே. நல்ல தண்ணி மாத்தவா?" ஒரு அடி. "கல்லுப்பு?" ஒரு அடி. "நிழலா, குளுமையா?" ஒரு அடி. "மருந்து?" ஒரு அடி.

என்ன மருந்து? ஆற்றங்கரையில் இருந்த இலை, தழை, பட்டை எல்லாம் கொண்டுவந்து காட்டினாள். ரெண்டு அடி, ரெண்டு அடி, ரெண்டு அடி. கடைசியில், பாறையிடுக்கில் நீலமாக மினுங்கிய, ஊரார் ஆற்றுத்தாயின் பாசி என்று சொல்லும் பாசியைக் காட்டினாள். ஒரே அடி!

அவள் பாசியை அரைத்துக் கரைத்தாள். நாள்தோறும் தண்ணீர் மாற்றினாள். பஞ்சு உதிர்ந்தது. புண் சிவந்தது, வெளுத்தது, ஆறியது.

பௌர்ணமி வந்தது. மீனின் 'பாவத்தை'க் கண்டுபிடித்ததற்காகக் கபாலகேதுவை முதல்மந்திரியாக்கச் சபை கூடியிருந்தது. சிவப்பி இடுப்பில் குடத்தோடு நேரே உள்ளே நடந்தாள்.

"அந்த மீன் செத்துப்போயிற்றே!" என்று மந்திரவாதி பதறினான்.

"யாரடா செத்தது?" என்றது குடம்.

சபை முழுதும் குடத்தை எட்டிப் பார்த்தது. மெய்யன் தலை தூக்கியது. "நான் கண்டேன்! இவன் கோலைச் சுழற்றினான். கடைசி வரிசையில் நிற்கும் தூண் தூணல்ல, பெரியகருப்பன்!"

தூண் பிளந்தது. பெரியகருப்பன் எண்ணெய்ச் செம்போடு வெளியே வந்து விழித்தான். உடைந்த மாயம் ஏவியவனிடமே பாய்ந்தது. தூண் இருந்த இடத்தில் கபாலகேது கல்லாக நின்றான்.

"நான் ஏதாவது கேட்டாலும் இப்படித்தான் மரம் மாதிரி நிப்பீக" என்று சொல்லிக்கொண்டே சிவப்பி புருசனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அரசன் அவர்களுக்கு ஆற்றங்கரையில் நிலமும் வீடும் கொடுத்தான். பிறகு குடத்தின் முன்னால் கை கூப்பினான்.

"மெய்யா, பொறுத்துக்கொள். என்ன வேண்டும், கேள்."

"பொறுக்கமாட்டேன்" என்றது மெய்யன். "அந்த மூன்று வெள்ளி மீனும் இன்னும் அந்தச் சாக்கடையில்தான் கிடக்கின்றன. அவை என்ன பாவம் செய்தன? முதலில் அவற்றை நல்ல தண்ணீரில் விடு. வைத்தியம் பார். நீயே தொட்டியைக் கழுவு. உன் கையால் கழுவு. அப்புறம் பேசலாம்."

அரசன் மூன்று மீன்களையும் நல்ல தண்ணீருக்கு மாற்றினான்; பட்டாடையை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான். ஊறிப்போன பொரியை அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. பொரி போட்ட ஊரார் எல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். மெய்யன் அவர்களை ஒருவர் விடாமல் பார்த்தது.

"என்ன வேடிக்கை? ஆளுக்கொரு வாளி எடுங்கள்!"

எடுத்தார்கள். கேட்டவர்க்கும் நலம், சொன்னவர்க்கும் நலம், தண்ணீரில் வாழும் உயிர்க்கெல்லாம் நலம்.