மேற்கு வாசலில் மாப்பிள்ளையின் தலை

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவள் என் கடைசி மகள் பெனிட்டா. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், நானும் அவளும் முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். "அந்தக் கம்பெனியில அப்படி என்னதான் வேலை பாக்க?" என்று கேட்டேன். "லேபிள் ஒட்டுறேம்மா. நீ அடுக்களை டப்பாவுல எழுதி ஒட்டியிருக்கியே, அதே வேலைதான்" என்றாள். அதற்கா இத்தனை படிப்பு என்று நான் வாயைத் திறப்பதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

கம்ப்யூட்டருக்குள்ளே, மாங்கொட்டைக்குள் பருப்பு இருக்கிற மாதிரி, ஆழத்தில் ஓர் ஊர் இருக்கிறதாம். பருப்புக்கு இங்கிலீஷில் சொல்கிற கர்னல்தான் அதற்கும் பெயர். அந்த ஊரில் வாசலுக்கு சாக்கெட் என்பார்கள். வெளியூரிலிருந்து கம்பி வழியாக வந்து இறங்குகிறதெல்லாம் பாக்கெட். கம்பி ரொம்ப ஒடுக்கம். அதில் எதுவும் முழுசாக வர முடியாது. ஒரு கட்டில் வர வேண்டுமென்றால் கால் தனி, சட்டம் தனி, பலகை தனி என்று பாக்கெட் பாக்கெட்டாக வரும். வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் சேர்ந்து கட்டிலாகும். மனுஷரும் அப்படித்தான் வருவார்கள். அங்கே யாரும் அதை அதிசயமாக நினைப்பதில்லை.

மற்ற கம்ப்யூட்டர்களில் புத்திசாலிகள் காவல் இருக்கிறார்கள். இந்த ஊருக்கு வாய்த்தது சுயம்பு, அவன் மச்சினன் தங்கக்கண், வேலாண்டி அண்ணாச்சி என்று மூன்று பேர். சுயம்புதான் காவல் தலைவன். தங்கமான மனுஷன், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். "கதவைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், போனவர் திரும்பி வருகிறவரை இமை கொட்டாமல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். போன மாசம் ஒரு திருடன் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கன்னம் வைத்து உள்ளே போனான். அப்போதும் சுயம்பு கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரைப் பற்றி யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எஜமானி சட்டம் போட்டாள். எஜமானி என்பவள் கம்ப்யூட்டருக்கு வெளியே உட்கார்ந்து உத்தரவைத் தட்டி அனுப்புகிற அம்மாள்.

"எல்லா வாசலுக்கும் லேபிள் ஒட்டு. வந்து இறங்குற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், எந்தக் கம்பியில வந்ததுன்னு பாத்து லேபிள் ஒட்டு. எந்த லேபிள் எந்த வாசல்ல நுழையலாம்னு நான் சொல்லுவேன். சொன்னது மட்டும் நடக்கட்டும். நான் சொல்லாத எதுவும் நடக்கக்கூடாது."

சுயம்பு இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிவிட்டான்.

முதல் நாளே தங்கக்கண் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அத்தான், தும்மல் வருது. சட்டத்துல இருக்கா?"

சுயம்பு கண்ணை மூடி முழுச் சட்டத்தையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "இல்லையேப்பா."

"அப்போ?"

"அடக்கிக்கோ."

தங்கக்கண் அடக்கிக்கொண்டான்.

அடுத்து வாசல்களுக்கு லேபிள் ஒட்டினார்கள். ஒட்டி முடித்ததும் வேலாண்டி அண்ணாச்சி தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். "சுயம்பு, எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டியாச்சு சரி. இந்த லேபிளும் வெளியே இருந்து வந்த சாமான்தானவே? லேபிளுக்கு எங்கவே லேபிள்?"

நியாயமான கேள்வி. லேபிள் மேல் ஒரு லேபிள் ஒட்டினார்கள். அந்த லேபிளுக்கும் லேபிள் வேண்டுமே என்று அதன் மேல் இன்னொன்று. வாசல் ஒவ்வொன்றும் கர்ப்பிணி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வந்ததே தவிர, வேலை முடிகிற வழியைக் காணோம். கடைசியில் தங்கக்கண்தான் மூக்கைப் பிடித்தபடியே யோசனை சொன்னான். "ரெண்டு லேபிளை மூஞ்சியோட மூஞ்சி ஒட்டிருவோம் அத்தான். இதுக்கு அது லேபிள், அதுக்கு இது லேபிள்."

"சுயம்பு மச்சினன் புத்தி எங்கே போகும்!" என்று அண்ணாச்சி பாராட்டினார். எழுத்தெல்லாம் உள்பக்கம் போய்விட்டதால் அதற்குப் பிறகு எந்த வாசல் எது என்று படிக்க முடியவில்லை. அது பெரிய குறையாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

சுயம்புக்கு அப்போது வேறு கவலை. அவன் மகள் செல்லக்கனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ராசமணி, வெளியூர் கம்ப்யூட்டரில் இருக்கிற நல்ல பையன். தாய் தகப்பன் இல்லாத தனி ஆள். கல்யாணத்தன்றைக்கு மின்வாரியத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று சொல்லி, காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துகிறார்கள். அந்த ஊரில் கரண்ட் போனால் முடிந்த காரியம் நிற்கும். பாதியில் கிடக்கிற காரியம் போன இடம் தெரியாது. மாப்பிள்ளைக்குப் பெண் பேரே மறந்துபோகும். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம், சுயம்பு வாசலில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்க் கரைந்திருந்தது.

"எப்பா, இந்தத் தடவையாவது சட்டுனு உள்ள விட்ருங்க" என்று செல்லக்கனி கெஞ்சினாள்.

சுயம்பு எஜமானியிடம் தனியாக மனுப் போட்டு, கல்யாணத்துக்கென்று ஒரு சட்டம் வாங்கிவிட்டான். கிழக்குக் கம்பியில் வருகிறவர்களுக்கு 'மாப்பிள்ளை வீட்டார்' என்று லேபிள். அவர்கள் கல்யாண வாசலில் நுழையலாம். தாலி கட்டு முடிந்ததும் சீர் சாமான் தூக்கிக்கொண்டு வெளியே போகலாம். மேற்குக் கம்பியில் வருகிறவர்களுக்கு 'அந்நியர்' என்று லேபிள். அவர்களுக்கு எந்த வாசலும் கிடையாது.

கல்யாணத்தன்று விடிந்ததும் முதலில் வந்தவன் அந்தப் பழைய திருடன். மேற்குக் கம்பியில் வந்து இறங்கினான். கக்கத்தில் வெறும் சாக்கு.

"யாருவே நீரு?" என்றான் சுயம்பு.

"திருடன்."

"அதை நாங்க கேக்கல. எந்தக் கம்பி?"

"மேற்கு."

"அந்நியர். வாசல் இல்ல, கெளம்பும்."

திருடன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு போய்க் கிழக்குக் கம்பியில் வந்து இறங்கினான். அதே ஆள். அதே சாக்கு.

"அண்ணாச்சி, இவரு இப்ப மேக்க வந்த ஆளு மாதிரி தெரியுதே?" என்று சுயம்பு மெல்லக் கேட்டான்.

"அந்த ஆளேதான்" என்றான் திருடன்.

வேலாண்டி அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளு யாருன்னு பாக்கச் சொல்லிச்சா சட்டம்? கம்பியைப் பாக்கத்தானவே சொல்லிச்சு! அவரு திருடனா இருப்பாரு, சாமியாரா இருப்பாரு, அது அவரு சொந்த விஷயம். ஒட்டுவே லேபிளை!"

சுயம்புக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'மாப்பிள்ளை வீட்டார்' என்று திருடன் நெஞ்சில் ஒட்டி, பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து உள்ளே அனுப்பினான். முன்வரிசையில் உட்காரவைத்து இலை போட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வர ஆரம்பித்தார். கிழக்குக் கம்பியில் முதலில் இரண்டு கால், பிறகு பட்டு வேட்டி, கை, மார்பு, மாலை. எல்லாவற்றுக்கும் தங்கக்கண் ஓடி ஓடி லேபிள் ஒட்டினான். எல்லாம் கல்யாண வாசலுக்குள் போய் ஒன்றாகச் சேர்ந்து மணவறையில் உட்கார்ந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றும் இல்லை.

என்ன நடந்தது என்றால், கிழக்குக் கம்பியில் நெரிசல். கடைசியாக நின்ற தலைக்கு இடம் கிடைக்காமல், அது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு மேற்குக் கம்பியில் வந்து இறங்கியிருக்கிறது.

"மாமா!" என்றது தலை. மீசையை முறுக்கிப் பொட்டு வைத்துக்கொண்டு அழகாகத்தான் இருந்தது. "வழியில லேட்டாயிட்டு மாமா. முகூர்த்தம் தாண்டிரலையே?"

சுயம்பு 'அந்நியர்' லேபிளைக் கையில் எடுத்தான். நெற்றியில் ஒட்டினான். ஒட்டும்போது அவன் கண்ணில் தண்ணீர்.

"மாப்பிள்ளை, நீங்க உள்ள வர முடியாது."

"நான் ஏற்கெனவே உள்ளதான் மாமா இருக்கேன்! கழுத்து வரைக்கும் உள்ள இருக்கேன்!"

"அது உள்ள இருக்கறவரு மாப்பிள்ளை வீட்டார். நீங்க அந்நியர்."

"ரெண்டும் நான்தான மாமா?"

"அதைச் சட்டம் கேக்கலையே மாப்பிள்ளை" என்று சுயம்பு தேம்பினான்.

மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள். முன்வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த திருடனுக்கே பொறுக்கவில்லை. "ஏன்வே, என்னை மாதிரி அந்தத் தலையும் கிழக்கே சுத்திக்கிட்டு வந்தா என்ன?" என்று கேட்டான்.

"நல்ல யோசனை!" என்று எல்லோரும் எழுந்து மேற்கு வாசலுக்கு ஓடினார்கள்.

"எப்படிப் போவேன்?" என்றது தலை. "காலு உள்ளல்ல இருக்கு?"

அப்படியானால் காலை வெளியே அனுப்பித் தலையைத் தூக்கிவரச் சொல்லலாமே என்றான் தங்கக்கண். சுயம்பு கண்ணை மூடிச் சட்டத்தைச் சொல்லிப் பார்த்தான். மாப்பிள்ளை வீட்டார் வெளியே போகலாம்தான். ஆனால் சீர் சாமான் தூக்கிக்கொண்டுதான் போகலாம். சீர் தாலி கட்டின பிறகுதான்.

மணி ஒன்பதை நெருங்கியது. செல்லக்கனி மணவறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எப்பா, கரண்ட் போகப்போகுது! தாலி கட்டக் கை போதும். தலை பொறவு வரட்டும்!"

"மாப்பிள்ளை சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லணும்லா?" என்றார் அண்ணாச்சி.

"சம்மதம்! சம்மதம்!" என்று வெளியே தலை கத்தியது. மேற்கிலிருந்து வந்த வார்த்தை அது. தங்கக்கண் பாய்ந்து பிடித்து, அதற்கும் 'அந்நியர்' என்று ஒட்டி, தலைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்தான்.

இனி இந்த ஆண்பிள்ளைகளை நம்பிப் பயனில்லை என்று செல்லக்கனிக்குத் தெரிந்துவிட்டது. கர்த்தர் அவளுக்கு மட்டும் கொஞ்சம் அறிவு கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோய், விரல் விரலாகக் காட்டிக்கொடுத்து முடிச்சுப் போடவைத்தாள். தங்கக்கண்ணுக்குத் தும்மல் நுனி மூக்குக்கு வந்துவிட்டது. அப்படியும் அடக்கிக்கொண்டான். தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு அபசகுனத் தும்மல் இல்லை. "பாத்தியா சட்டத்தோட அருமையை!" என்று சுயம்பு பூரித்துப்போனான். கடைசி முடிச்சு விழவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. கல்யாணம் முடிந்த காரியமாக நின்றது. இனி மாப்பிள்ளையின் உடம்பு ஏதாவது ஒரு சீர் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தலையை எடுத்து வைத்துக்கொண்டு, கிழக்கே சுற்றி வர வேண்டியதுதான் பாக்கி. பாவம், உடம்புக்குக் கண் இல்லையே. குத்துவிளக்கைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது. அதற்குள் திருடன் எழுந்து கை கழுவினான்.

"நான் மாப்பிள்ளை வீட்டாரு. சீர் தூக்கலாம்லா?"

"தாராளமா" என்றான் சுயம்பு.

திருடன் குத்துவிளக்கு, குடம், அண்டா எல்லாவற்றையும் சாக்கில் போட்டான். கட்டிலைத் தோளில் சாய்த்தான். பீரோ மட்டும் கனம். மூன்று பேரும் சேர்ந்து 'ஏலேலோ' என்று அதைத் தூக்கி அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். கம்பி வரைக்கும் கூடவே போய், "அடிக்கடி வந்து போங்க" என்று கும்பிட்டு அனுப்பினார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் தூக்கிக்கொண்டு போக ஒரு கரண்டி மிச்சமில்லை. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"கனி, உன் வாழ்க்கை இப்படி ஆகிப்போச்சேம்மா" என்று சுயம்பு அழுதான்.

செல்லக்கனி உடம்பைப் பார்த்தாள். அது அம்மி முன்னால் உட்கார்ந்து மளமளவென்று தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தது. "இருக்கட்டும்ப்பா. வேலை செய்ய கை வீட்டுல இருக்கு. கொழம்புல உப்பு இல்லன்னு சொல்ல வாய்தான் வெளிய இருக்கு. அக்கம்பக்கத்துல யாருக்கு இப்படி அமைஞ்சிருக்கு?"

மறுநாள் எஜமானி ஆபீசுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அங்கிருந்து கம்பி வழியாகக் கேட்டு அனுப்பினாள். "சுயம்பு, திருடன் யாரும் வந்தானா?"

"வந்தாரும்மா. லேபிள் சரியா இருந்திச்சு. பீரோவை நாங்கதான் தூக்கிவிட்டோம். ஆனா அந்நியர் ஒருத்தரையும் உள்ள விடல. சொந்த மருமகன் தலைன்னுகூடப் பாக்கலம்மா!"

எஜமானி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஓர் உத்தரவு வந்தது. "அட மடையா, முதல்ல அந்தத் தலையை உள்ளே விடு!"

சுயம்பு உத்தரவைக் கையில் வாங்கினான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "தங்கக்கண்ணு, இது எந்தக் கம்பியில வந்திச்சு?"

"மேக்க, அத்தான்."

சுயம்பு பெருமூச்சு விட்டான். 'அந்நியர்' என்று ஒன்று எடுத்து, நன்றாகப் பசை தடவி உத்தரவின் மேல் ஒட்டி, அதைக் கொண்டுபோய்த் தலைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தான்.

"வாங்க" என்றது தலை. "சாப்பிட்டாச்சா?"

சரி, பெனிட்டா சொன்ன கதை அவ்வளவுதான், காப்பி ஆறிப்போகுது பாருங்க. அந்த அலமாரியில 'உளுந்து'ன்னு எழுதின டப்பாவுலதான் சர்க்கரை இருக்கு. அதை மட்டும் கொஞ்சம் எட்டி எடுத்துத் தாங்க.