மேஜர் ஏன் தலையையே பார்த்தார்?

இந்தக் கதையோட கடைசியில ஒரு சிரிப்பு வச்சிருக்கேன்டா சிண்டு. கெஞ்சினாலும் இப்போ தரமாட்டேன், அக்கா அதைப் பெட்டியில பூட்டியாச்சு. கண்ணை மூடிக்கிட்டு 'ம்' மட்டும் போடு.

ஒரு மலையில ஒரு பட்டாளத்து முகாம். அங்கே ஜெபராஜ்னு ஒரு புது லெப்டினன்ட் வந்து இறங்கினான். பூட்ஸ் 'சரக் சரக்'. சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிப் பார்த்துக்கிறான். ஏன்னா, மறுநாள் முப்பது பேரை அவன்தான் உச்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். 'இவன் பின்னாடி போகலாமா, வேண்டாமா?'ன்னு முப்பது பேரும் அவனையே பார்க்கிறாங்க.

ம்?

அப்போ மேஜர் வந்தார். தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின குரல். "ஏய் லெப்டினன்ட்! தண்ணி கேனைத் தூக்கு! மேட்டுக்கு ஓடு!"

ஓடினான். 'தொளக் தொளக்'. மேலே போனா, "இந்த மேடு இல்லய்யா, அந்த மேடு!"

அவனுக்கு ஒண்ணும் புரியலை. மேஜர் இவன் மூஞ்சியைப் பார்க்காம தலையையே பார்க்கிறார். விரல் ரெண்டும் காத்துல 'கிச் கிச் கிச்'.

சிரிப்பா? இருடா, அவசரக்குடுக்கை.

அப்புறம் ரெண்டாவது வேலை. "கூடாரம் கட்டு! வாசல் சூரியனைப் பார்க்கணும்!" கட்டினான். சூரியன் நகர்ந்துடுச்சு. "பிரி! திரும்பக் கட்டு!" கையெல்லாம் கொப்புளம். அந்தப் பக்கம் நரைச்ச சமையல்காரர் ஒருத்தர் வெங்காயத்தைத் தோலோட நறுக்கிட்டிருந்தார். ஜெபராஜுக்குத் தலை சுத்துச்சு. என்ன முகாம்டா இது?

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் சாப்பாட்டு நேரம். எல்லார் தட்டுலயும் சோறு விழுந்தாச்சு. சமையல்காரர் நொண்டி நொண்டி வந்து மிச்சச் சோத்தோட அண்டாவை, 'டமார்!' கவுத்துட்டார்.

மேஜர் கத்தினார், "இவனுக்குச் சோறு கிடையாது! லெப்டினன்ட், இவனைப் பத்து சுத்து ஓட விடு!"

ஜெபராஜ் அண்டாவை நிமித்தி வச்சான்.

"முடியாது சார்."

"என்னாது?"

"தண்ணி தூக்கினது என் முதுகு சார், பரவாயில்ல. இவர் கால் நொண்டுது. இவருக்குப் பதிலா நான் ஓடறேன்." தன் தட்டை அவர் கையில வச்சான். "நீங்க சாப்பிடுங்கண்ணே."

ஓடினான். 'தட் தட் தட்'. ரெண்டாவது சுத்துல பின்னாடி ஏதோ சத்தம். 'தடதடதடதட!' திரும்பினா, முப்பது பேரும் தட்டை வச்சிட்டு அவன் பின்னாடி ஓடி வர்றாங்க! யாரும் கூப்பிடவே இல்ல. அவனுக்கு இன்னும் குழப்பம்.

பத்து சுத்து முடிஞ்சுது. மூச்சு வாங்க மேஜருக்கு சல்யூட் அடிச்சான். மேஜர் பதில் சல்யூட் அடிக்கலை. பையிலேர்ந்து கத்தரிக்கோலை எடுத்து, குழைஞ்ச குரல்ல,

"சார், காதோரம் கொஞ்சம் குறைச்சிடலாமா?"

பின்னாடி முப்பது பேரும் 'டப்!'னு சல்யூட். யாருக்கு? சமையல்காரருக்கு!

ஜெபராஜ் கத்தரிக்கோலைப் பார்த்தான். தோல் உரிக்காத வெங்காயத்தைப் பார்த்தான்.

"ஐயையோ! இவர் முடிவெட்டறவரு... அப்போ மேஜர்?"

"நான்தான்ப்பா," வாய் நிறைய சோத்தோட சமையல்காரர் சொன்னார். "புதுசா யார் வந்தாலும் முதல் நாள் இப்படித்தான் ஆள் மாத்திப் பார்ப்போம். ஊறுகாய் இருந்தா கொண்டா."

இந்தா உன் சிரிப்பு. சிரிச்சாச்சா? முகாம்ல விளக்கு அணைச்சாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் படு.