சாத்தப்பன் விட்டுவைத்த பூக்கள்

சாத்தப்பன் சென்னையில் பளிங்குக் குளியல் தொட்டி விற்றவர். அவரிடம் தொட்டி வாங்கிய ஒரு பணக்காரர் உள்ளே இறங்கினாராம். ஏறிவர மனசே வராமல், மகள் கல்யாணத்துக்கும் தொட்டியோடுதான் போய் இறங்கினாராம். அப்பேர்ப்பட்ட சுகம்.

ஒரு கோடையில் வாடிக்கையாளருக்கு நிரப்பிக் காட்ட லாரித் தண்ணீர் வரவழைத்தார். லாரிக்குப் பின்னால் தெருவே குடத்தோடு ஓடி வந்தது. தொட்டி நிரம்பியது. குடங்கள் காலியாகத் திரும்பின. அன்றைக்கு இறக்கிய ஷட்டரைச் சாத்தப்பன் பிறகு ஏற்றவில்லை.

நேரே சேற்றுச்சாமியிடம் வந்தார். செத்த ஏரிகளுக்கு உயிர் கொடுப்பதுதான் சாமியின் தவம். எந்நேரமும் இடுப்பளவு சேற்றில் நிற்பார். அவர் காலைப் பார்த்தவர் ஊரில் எவருமில்லை.

கடையை மூடிவிட்டதாகச் சொல்லி, சீடனாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக் கும்பிட்டார் சாத்தப்பன். சாமி ஏரியைக் காட்டினார். காக்கை மூக்கு நனைக்க இடமில்லாமல் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது.

"மழைக்குள்ள இந்த வடக்கு மூலையைச் சுத்தம் பண்ணும், முதலாளி. ஆச்சுன்னா நீர் சீடர். இல்லேன்னா போய்த் தொட்டி வித்துக்கும்."

சாத்தப்பன் இறங்கினார். அறுபது வயசு, ஏசியில் வளர்ந்த உடம்பு. முதலாளி சோப்பை மறந்துவிட்டு வந்துவிட்டார் என்று கரையில் நின்றவர்கள் கேலி பேசினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. உள்ளங்கை உரிந்தது, துணியைச் சுற்றிக்கொண்டு பிடுங்கினார். மூலை தெளிந்தது.

கொஞ்ச நாளில் மறுபடி பச்சை மூடியது. மறுபடி பிடுங்கினார். மறுபடி மூடியது. மேற்கே மேகம் திரள ஆரம்பித்தது.

"நான் ஒருநாள்கூட ஓயலையே சாமி. பிறகும் ஏன் முளைக்குது?"

சாமி மூலையைக் கண்ணால் துழாவினார். அங்கங்கே சில செடிகள் ஊதாப் பூவோடு மிதந்தன.

"அதெல்லாம் என்ன?"

சாத்தப்பனுக்குக் கொஞ்சம் கூச்சம். "பூத்திருந்தது சாமி. அழகா இருந்ததா, பிடுங்கக் கை வரலை."

சாமி அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பூவுக்குக் கீழே நாலாபக்கமும் தண்டு ஓடி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு குட்டிச்செடி தொங்கியது.

"கடையை மூடிட்டதாச் சொன்னீரே, முதலாளி."

மேற்கே இடி உருண்டது. சாத்தப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார். கை நேராகப் பூவுக்குப் போயிற்று.