கஜேந்திரனின் கராத்தே

வடபழனி எடிட்டிங் அறை ஒன்றில் உதவியாளராக இருந்தாள் பிலோமினா. ஒரு நாள் கதாநாயகன் கஜேந்திரன் கூலிங் கிளாஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். இரண்டு வருடம் டிவியில் ஓடிய அவருடைய கராத்தே தொடரை இரண்டே மணி நேர டிவிடியாகச் சுருக்க வேண்டுமாம்.

"இந்தாம்மா, நான் வர்ற எடத்துல கத்திரியே படக்கூடாது. நான் இல்லாததையெல்லாம் தூக்கிப் போடு. முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

பிலோமினாவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால், "நீங்க சொன்னபடியே வெட்டுறேன் சார்" என்றாள்.

டிவிடி வாங்க வந்த வியாபாரிகள் முன்னால் படம் ஓடியது. திரையில் கஜேந்திரன் இடுப்புக் கச்சையை இறுக்கினார். கழுத்தைச் சொடுக்கினார். "வாடா!" என்று உறுமினார். உடனே வியர்வையைத் துடைத்தார். மறுபடி கச்சை, மறுபடி "வாடா!", மறுபடி வியர்வை. ஒருத்தனும் வரவேயில்லை. வியாபாரிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"ஏய், சண்டையெல்லாம் எங்கம்மா?" என்று கத்தினார் கஜேந்திரன்.

"அதுல நீங்க இல்லையே சார். முதுகைக் காட்டிக்கிட்டு அடிச்சதெல்லாம் டூப் எத்திராஜ் அண்ணன்தானே? இல்லாததைத் தூக்கச் சொன்னீங்க, தூக்கிட்டேன்."

சிரிப்பில் அறை அதிர்ந்தது. "அந்த அண்ணனைச் சேர்த்துக் குடுங்க, வாங்கிக்கிறோம்" என்றார்கள் வியாபாரிகள்.

கஜேந்திரன் குரல் இறங்கியது. "நாளைக்கு வந்து உன் இஷ்டத்துக்கு வெட்டும்மா. அது எத்திராஜ்னு மட்டும் தெரியாமப் பாத்துக்க."

"கஷ்டம் சார். இனிமே அவர் முதுகைப் பார்த்தாலே எல்லாரும் கை தட்டுவாங்களே!"