எப்சிபாவின் மாவுக்கட்டு

எங்கள் வேதக்கோயிலில் ஓடும் ஃபேன் அத்தனையும் ஞானாபரணம் முதலாளி கொடுத்தவை. ஒவ்வொரு இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் ‘உபயம்: ஞானாபரணம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சுற்றினால் பெயர் தெரியாது என்று, புழுங்கினாலும் பிரசங்க நேரத்தில் நிறுத்தச் சொல்லிவிடுவார், மகராசன்!

அவருடைய அரிசி ஆலையில் பெருக்குகிறவள் எப்சிபா. சுவர் சாய்ந்து நிற்கிறது, இடித்துக் கட்டுங்கள் என்று பலமுறை சொன்னாள். “வேலையைப் பாரு” என்றார். சுவர் அவள்மேலேயே விழுந்து கால் முறிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் முதலாளி அவளை எழுந்திருக்கச் சொன்னார். “உலகம் உண்டாகுமுன்னே ஆண்டவர் போட்ட திட்டம் இது. மனுஷன் கையில ஒண்ணுமில்ல. தேவசித்தம்னு சபைக்குச் சொல்லு. சொல்லாட்டி ஆலைப்பக்கம் வராதே.”

எப்சிபா கம்பை ஊன்றி எழுந்தாள். “சொல்றேன் அய்யா. அப்போ ஃபேனும் அவர் திட்டம்தானே? உங்க பேரை அழிச்சுட்டு அவர் பேரை எழுதிரலாமா?”

முதலாளி துள்ளினார். “அதெப்படி? யார் சொல்லியும் குடுக்கல. நானா மனசு வச்சுக் குடுத்தேன்! நெனச்சிருந்தா குடுக்காமலும் இருந்திருப்பேன்!”

“சுவரும் அப்படித்தான் அய்யா. நீங்க மனசு வைக்கல.”

சொல்லிவிட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள்.

போதகர் ஐயர் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் நழுவி விழுந்தது. யாரும் குனியவில்லை. வெள்ளை மாவுக்கட்டின்மேல் அதே சிவப்புப் பெயின்ட், அதே கொட்டை எழுத்து: ‘உபயம்: ஞானாபரணம்.’

“ஃபேன்ல உள்ளதை நீங்க அழிங்க அய்யா,” என்றாள் எப்சிபா. “இதை நான் அழிச்சிருதேன்.”