பாசிக்கு இலை போட்ட பேராச்சி

மீனும் நத்தையும் மனிதரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நத்தைக்கு ஆறு கால் இருந்தது. ஓடினால் முயல் பின்னால் நிற்கும், அப்படி ஓட்டம்! ஊர்விட்டு ஊர் சேதி கொண்டுபோனதெல்லாம் அதுதான். நம்பமாட்டீர்கள், தெரியும். இன்றைக்கு அது நகர்கிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அப்போது பேராச்சி என்றொரு பெண் மலையடிவாரத்திலிருந்து சமவெளி ஊர் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். சீர்வரிசை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தாய்வீட்டுச் சுனையில் பிறந்த இரண்டு மீன்களைப் பானையில் விட்டு இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள், அவ்வளவுதான். முற்றத்தில் ஒரு கல்தொட்டி சும்மா கிடந்தது. புருஷன் கொம்பையா அதைக் கழுவிக் கொடுத்தான். நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னாள் பேராச்சி. வெயில் பட்டால்தானே மீன் மின்னும்!

பிறந்த வீட்டு ஆள் வந்தால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? வயிறு வெடிக்கச் சோறு போடுவார்கள். போதும் என்று இலையை மறைத்தாலும் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைப்பார்கள். பேராச்சியும் அதைத்தான் செய்தாள். கம்பு புடைத்தால் தவிடு, அரிசி களைந்தால் குருணை, சோறு வடித்தால் பருக்கை. மீன்களும் லேசுப்பட்டவை அல்ல. அவள் வளையல் சத்தம் கேட்டதும் மேலே வந்துவிடும்.

“அக்கா, பசிக்குதுக்கா.”

“இப்பத்தானே தின்னீக?”

“அது அப்ப!”

இந்தப் பதிலுக்கு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்னொரு பிடி விழும். தின்றது போக மிச்சமெல்லாம் தொட்டியின் அடியில் போய்ப் படிந்தது.

கொஞ்ச நாளில் தொட்டியின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. பேராச்சி குனிந்து பார்த்தாள்.

“யாரு நீ?”

“பாசி.”

“ஒன்னிய யாரு கூப்பிட்டா?”

“நீதான் மகராசி! வெளிச்சம் போட்டு வச்சிருக்க, இலை போட்டு வச்சிருக்க. சாப்பிடாமப் போனா மரியாதையா இருக்குமா?”

விருந்தென்று வந்தவரைப் போ என்று சொல்லிப் பேராச்சிக்குப் பழக்கமில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான் பிறகு நடந்தது. பாசி தன் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பெண்டு பிள்ளை எல்லாரையும் கூட்டிவந்து குடியேறிவிட்டது. சுவரெல்லாம் பச்சை, தண்ணீரெல்லாம் பச்சை. கொம்பையா தேங்காய் நாரால் தேய்த்தான். பழைய தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றினான். மீன்கள் மிரண்டு சோர்ந்ததுதான் மிச்சம். பாசி மறுபடி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் விடிந்ததும் பார்த்தால், மீன்கள் இரண்டும் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து தவிக்கின்றன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தே விட்டது.

“அக்கா, மூச்சு முட்டுதுக்கா.”

பேராச்சி தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எங்க ஊரு உசுரு இந்த ரெண்டுதான். நீங்களும் போயிட்டா எனக்கு இங்க யாரு இருக்கா?”

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் புழுதி கிளம்பியது. நத்தை! தாய்வீட்டுச் சேதியோடு தலைதெறிக்க ஓடிவருகிறது.

“ஏக்கா, ஒங்கம்மா மீனு ரெண்டும் சொகமான்னு கேக்கச் சொன்னா...” என்றபடியே தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. “அட பாவி! இதென்ன கோலம்?”

ஒரே பாய்ச்சல். உள்ளே குதித்துச் சுவரைச் சுற்றி ஓடிக்கொண்டே பாசியைக் கடித்து விழுங்கியது. அடடா, அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! தண்ணீர் நுரைத்தது, கொம்பையா கை தட்டினான், பேராச்சி “அங்கன, அங்கன!” என்று கத்தினாள். பாசிதான் சிரித்தது.

“ஓடு ராசா, ஓடு. ஓட்டத்துல நீ ஒரு வாய் விடுத. நான் அதுலருந்து மொளைக்கேன்.”

உண்மைதான். கால் தாண்டிய இடமெல்லாம் பச்சை மறுபடி துளிர்த்தது. நத்தை மூச்சிரைக்க நின்றது.

“அக்கா, இதுக்குத் திங்கக் குடுக்கது யாரு? நீதான்! மொதல்ல நெழலப் போடு. ஒங் கையக் கட்டு!”

கொம்பையா ஓடிப்போய்த் தென்னங்கீற்றை இழுத்துவந்து தொட்டிமேல் சாய்த்தான். பேராச்சி தவிட்டுக் குத்துச்சட்டியைத் தூர வைத்தாள். அந்த நிலையிலும் மீன் கேட்டது, “அக்கா, ஒரு வாய்...” பிறந்த வீட்டு ஆளுக்கு இல்லையென்று சொல்வது அவளுக்கு உயிர் போகிற வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு, “கெடையாது!” என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பாசியின் முகம் வாடியது. ஆனாலும் கல்லை விட்டபாடில்லை. நத்தை தன் கால்களைப் பார்த்தது. “இதுக இருக்க வரைக்கும் நான் ஒரு எடத்துல நிக்கமாட்டேன்,” என்றது. ஆறு காலையும் வயிற்றுக்கடியில் மடித்தது, எச்சிலால் அழுத்தி ஒட்டியது, கல்லோடு கல்லாகப் படுத்துவிட்டது. நாக்கைச் சுவரில் வைத்தது. இம்மி இம்மியாக நகர்ந்தது. இப்போது ஒரு பொட்டு மிச்சமில்லை!

“விருந்தாளிய இப்படியா செய்வாக?” என்று பாசி அலறியது. நத்தைக்கு வாய் நிறைய வேலை இருந்தது.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் தெளிந்தது. சாய்ந்து கிடந்த மீன் நிமிர்ந்து ஒரு சுற்றுச் சுற்றியது! கொம்பையா துண்டைச் சுழற்றி ஆடினான். பேராச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“கெளம்பு தம்பி, பொழச்சிட்டாகன்னு எங்கம்மாட்ட ஓடிப் போய்ச் சொல்லு!”

நத்தை எழப் பார்த்தது. முடியவில்லை. ஆறு காலும் ஒட்டி ஒரே காலாகிவிட்டது. பேராச்சி பிரித்துப் பார்த்தாள், வரவில்லை.

“விடுக்கா. இந்தக் காலோட நான் சொனைக்குப் போய்ச் சேரதுக்குள்ள ஆயுசு முடிஞ்சிரும்,” என்று நத்தை சிரித்தது. 

பேராச்சி சிரிக்கவில்லை. நினைத்த நேரத்தில் ஊருக்குப் போகமுடியாது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் களிமண் எடுத்தாள். கைமுறுக்கு சுற்றுவதுபோல் அதைத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஒரு சின்ன வீடு பண்ணினாள். நத்தையின் முதுகில் பதமாக வைத்தாள்.

“இனிமே நீ போற எடந்தான் ஒன் ஊரு,” என்றாள்.

அன்று முதல்தான் நத்தை, கல்தொட்டியானாலும் கண்ணாடித் தொட்டியானாலும் சுவரைவிட்டு வாயை எடுக்காமல் ஊர்ந்து போகிறது. யாராவது தொட்டுவிட்டால், எங்கும் ஓடாமல், நின்ற இடத்திலேயே தன் வீட்டுக்குள் போய்விடுகிறது.